அலமாரிக் கதவில் ஐந்து விதிகள்

— கையில என்ன ரத்தம்? முதல்ல அதைச் சொல்லுங்க.

— என் ரத்தம் இல்ல. ஸ்பேனரோடது. உதடு கிழிஞ்சிடுச்சு அவனுக்கு.

— ஸ்பேனரையா அடிச்சீங்க? நம்ம ஸ்பேனர் அண்ணனையா?

— இனிமே அவனை அண்ணன்னு சொல்லாதே. அந்த இஸ்திரிப் பெட்டியை அணைச்சிட்டு இப்படி வந்து உட்காரு.

— பாப்பா உள்ள பாடம் எழுதிட்டிருக்கா. மெதுவா பேசுங்க.

— மெதுவாத்தான் பேசறேன். ஆறு வருஷமா இந்த வீட்ல நான் சத்தம் போட்டுப் பார்த்திருக்கியா நீ? கோபம் வந்தா உட்காரணும், உட்கார்ந்தும் அடங்கலைன்னா ஒரு சொம்பு தண்ணி குடிக்கணும், அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கணும். மூணாவது விதி. எழுதிக் குடுத்தது யாரு? அவன். அவனையே இன்னிக்கு நின்ன இடத்துலயே அறைஞ்சேன்.

— என்ன நடந்துச்சு? ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க.

— காலையில பத்து மணி இருக்கும் பாரு. ஆஸ்பத்திரி லிப்ட்ல ஸ்ட்ரெச்சரோட ஒருத்தரை ஏத்தினாங்க, நாலாவது மாடிக்கு. யாருன்னு பார்த்தா நம்ம பழைய பஸ் டிப்போ ஸ்டோர்கீப்பர். கிட்னி போயிடுச்சாம். ஆள் பாதியா இளைச்சிருந்தாலும் என்னை அடையாளம் தெரிஞ்சுது. "பஸ் ஓட்டின கையால பட்டன் அமுக்கிட்டிருக்கியேப்பா"ன்னார். நான் பண்ணின தப்புக்கு இந்த வேலை கிடைச்சதே பெரிசு சார்னேன். யார் கேட்டாலும் அதைத்தானே சொல்வேன்.

— ம்.

— அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "இன்னுமா உனக்கு யாரும் சொல்லலை?"ன்னார். நாலாவது மாடி வந்து கதவு திறந்து கிடக்கு, நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளப் பார்க்குது, அவர் கையை விட மாட்டேங்கிறார். நான் பேக்கரிச் சுவத்துல கொண்டுபோய் மோதினேனே அந்த பஸ், அது அன்னிக்கு டிப்போவை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாதாம். அந்த வண்டிக்கு மெக்கானிக் ஸ்பேனர்தானே, முந்தின நாள் சாயங்காலம் பிரேக் லைனிங் கேட்டு அவர்கிட்ட போயிருக்கான். ஸ்டோர்ல இல்ல, ரெண்டு நாளாகும், வண்டியை நிறுத்தி வைன்னு சொல்லியிருக்கார். காலையில வந்து பார்த்தா, பிரேக் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிட்டானாம்.

— விசாரணை நடந்தப்ப அவர் ஏன் சொல்லலை?

— அதையும் கேட்டேன். "தூங்கிட்டேன்னு நீயே ஒத்துக்கிட்டே, என்னை யாருப்பா கேட்டாங்க?"ங்கிறார். நியாயம்தான். நான்தானே ஒத்துக்கிட்டேன். ரெண்டு நாள் சேர்ந்தாப்ல ஓட்டின அசதி, கண்ணெல்லாம் எரிஞ்சுது, எல்லாம் வாஸ்தவம். ஆனா அந்த இறக்கத்துல கால் பிரேக்கை அமுக்கினது எனக்கு ஞாபகம் இருக்கு. பெடல் அடி வரைக்கும் போச்சு, ஒண்ணும் பிடிக்கலை. அதை நான் யார்கிட்ட சொன்னேன்?

— ஸ்பேனர் அண்ணன்கிட்ட.

— கட்டில் ஓரமா உட்கார்ந்து என்ன சொன்னான்? "மாப்ள, அது கனவுடா. தூங்கிட்டவனுக்கு அப்படித்தான் தோணும்"னான். நம்பினேன். முன்சீட்டுல உட்கார்ந்து வந்த அந்த டிராயிங் டீச்சருக்கு வலது கை போனது என் தூக்கத்தாலன்னு நம்பினேன். மூணு மாசம் சுவத்தைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேனே, நீதான் பார்த்தியே.

— பார்த்தேன். குளிக்கக்கூட இல்ல நீங்க. பாப்பா உங்க பக்கத்துல வரவே பயந்தா.

— அப்பத்தான் அந்தப் பேப்பரோட வந்தான். "இனிமே எப்படி வாழணும்னு ஒரு மனுஷனுக்கு நாலஞ்சு விதி வேணும் மாப்ள. உன்னால இப்ப யோசிக்க முடியாது, நான் யோசிச்சு எழுதிட்டு வந்திருக்கேன். பிடிக்காததை மாத்திக்கோ"ன்னான். நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலை. அலமாரிக் கதவுல ஒட்டினேன். தினம் சட்டை எடுக்கிறப்போ படிப்பேன். எழுந்ததும், இன்னிக்கு யாருக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு ஒரு ஆளை நினைச்சுக்கணும். சரின்னு, முதல் நாள் பாப்பாவை நினைச்சுக்கிட்டேன். அவளுக்குத் தலை பின்னிவிடக் கத்துக்கிட்டது அப்பத்தானே? கோணக்கோணலா பின்னி, ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

— இப்ப என்னைவிட நீங்கதான் நல்லா பின்றீங்க. நான் பின்னினா அவ ஒத்துக்கறதே இல்ல.

— மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போய், அவங்க சொல்ற வேலையைச் செஞ்சுட்டு வரணும். முதல் தடவை அவங்க அப்பா என் முகத்துலயே கதவைச் சாத்தினார். நாலாவது தடவைதான் திறந்தார். இப்ப டீச்சர் இடது கையால வரையற படத்துக்கெல்லாம் சட்டம் அடிச்சு மாட்டறது நான்தான்.

— நல்ல காரியம்தானே அது. நீங்க வர்றது நிம்மதியா இருக்குன்னு அவங்களே எங்கிட்ட சொன்னாங்க.

— நல்ல காரியம்தான், யார் இல்லேன்னா? நான் என்ன தப்பு பண்ணிட்டு அதைச் செஞ்சேன்? பாரு, முதல் விதி என்ன? "நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். எப்படி நடந்துச்சுன்னு கிளற மாட்டேன்." என் மனசு ஆறணும்னு எழுதியிருக்கான்னு நினைச்சேன். என் வாயைத் தைக்கிறதுக்கு எழுதியிருக்கான். அதையும் தினம் நானே படிச்சு நானே தைச்சுக்கிட்டேன்.

— அடிக்கிறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டீங்களா?

— கேட்காம அடிப்பேனா? மத்தியானம் லீவு சொல்லிட்டு நேரா டிப்போவுக்குப் போனேன். குழியில இறங்கி வண்டிக்கடியில நின்னுட்டிருந்தான். மேல வாடான்னேன். என் முகத்தைப் பார்த்ததுமே கையைத் துடைச்சுக்கிட்டான். எதையும் மறைக்கலை. வண்டி வெளியே போயே ஆகணும்னு மேனேஜர் தலைமேல நின்னாராம், ஒரு ட்ரிப் தாங்கும்னு இவன் நினைச்சானாம். தாங்கலை மாப்ள, தாங்கலைன்னு அழுதான்.

— அழுதாரா?

— அழுதான். எனக்குத் துளி இரக்கம் வரலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். விசாரணையில பயந்துட்டே, பிள்ளைகுட்டிக்காரன், சரி. அதுக்கப்புறம் ஆறு வருஷமா என்கூட உட்கார்ந்து டீ குடிச்சியே, நான் என் தப்பு என் தப்புன்னு புலம்பினதையெல்லாம் கேட்டுட்டிருந்தியே, ஒரு நாள்கூட சொல்லணும்னு தோணலையாடான்னேன். அதுக்கு என்ன பதில் சொன்னான் தெரியுமா?

— என்ன சொன்னார்?

— "உன் வீட்ல போய்க் கேளு"ன்னான். அதுக்குத்தான் அறை விழுந்துச்சு. பண்றதையும் பண்ணிட்டு உன்னை இழுக்கிறான் பாரு. அந்த மூணு மாசம் எனக்கு வாயில ஊட்டிவிட்டவ நீ. விடு. நாளைக்கே நடந்ததையெல்லாம் டிப்போவுல எழுதிக் குடுக்கப் போறேன். லைசென்ஸைத் திரும்ப வாங்கி, பஸ்ல ஏறப் போறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு வர்றேன்.

— அதைத் தொடாதீங்க.

— ஏன்?

— அண்ணன் சொன்னது பொய் இல்ல.

— என்ன சொல்றே நீ?

— விபத்து நடந்த நாலாவது நாளே வந்தார். நீங்க மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. சமையல்கட்டுல நின்னு எல்லாத்தையும் சொன்னார். போய் ஒத்துக்கறேன், ஜெயில்னாலும் பரவாயில்லைன்னார். வேண்டாம்னு சொன்னது நான்.

— நீயா?

— கனவுன்னு சொல்லுங்கன்னு சொன்னதும் நான்தான். அந்த அஞ்சு விதியும் நான் யோசிச்சது. நான் குடுத்தா நீங்க கையாலகூட வாங்க மாட்டீங்க. அதான் அவர் கையெழுத்துல எழுத வெச்சேன். அவர் மாட்டேன் மாட்டேன்னுதான் சொன்னார்.

— சாகலாம்னு இருந்தேன் நான். உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எழுந்திருச்சிருப்பேன்.

— எழுந்திருச்சு திரும்பவும் பஸ்ல ஏறிப் போயிருப்பீங்க.

— மறுபடி ரோட்டுல போய் அடிபட்டுச் செத்துடுவேன்னு பயந்தியா? அதுக்காகவா? ஆமான்னாவது சொல்லு.

— ஆமான்னு சொன்னா நீங்க மன்னிச்சிடுவீங்க. ஆனா அதுக்காக இல்ல. கல்யாணமானதுலேருந்து மாசத்துல நாலு நாள்தான் வீட்ல இருந்தீங்க, அந்த நாலு நாளும் கத்தினீங்க. அந்த டீச்சருக்குக் கை போனதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு புருஷன் கிடைச்சான். அவனைத் திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வரலை.