இடது கையில் சுற்றிய பீடி

என் பெயர் மாரிக்கண்ணு, வயது 17, தகப்பனார் பெயர் பாபநாசம். வாய்க்கால்புரம் கீழத்தெருவில் குடியிருந்து பீடி சுற்றி வருகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். போலீஸ் நிலையத்தில் அடித்தது பற்றிக் கோட்டாட்சியர் அவர்கள் விசாரிக்க 26.8.1996 அன்று சொல்வதாவது:

சுற்றிய பீடியை ஒப்படைக்கும் பீடிக்கடையில் ஆண்கள் கூட்டமாக நிற்பார்கள் என்பதால் நான் அங்கே போவதில்லை. மூன்றாவது தெரு வேதநாயகம் மாமாதான் என் பீடிக் கட்டுகளைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். 12.8.1996 காலையிலும் நாற்பது கட்டு வாங்கிப்போனார். அன்று கடைப் பூட்டு உடைந்து பீடி களவு போயிருந்ததால் கடை திறக்கவில்லை. அதனால் அந்த நாற்பது கட்டுகளையும் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். அதன் பிறகு சாயங்காலம் போலீசார் அவற்றைக் களவுப்பொருள் என்று எடுத்து, அவரையும் அழைத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று, "ஒன் பீடிக்காவத்தான் அவுகளைப் போட்டு அடிக்காவ, பிள்ளே" என்றார். மாமா என் பெயரைச் சொல்லியும் என்னிடம் கேட்க ஒருவரும் வரவில்லை. போலீஸ் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரத்தில் வந்துவிடலாம்.

நான் இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றும் சுளகை எடுத்துக்கொண்டு அம்மாவுடன் நிலையத்துக்குப் போனேன். மாமா சுவரோரம் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்க முடியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர், "எல்லாப் பீடியும் ஒண்ணு போலத்தானே இருக்கு? ஒன்னுதுன்னு எப்படிச் சொல்லுத?" என்றார். நான் இடது கைக்காரி, என் பீடியில் இலை எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பெண் காவலர் தேவமணி அக்கா, "சார், ஒண்ணு சுத்தத்தான் சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

அதன் பிறகு எல்லோரும் பார்க்க ஒரு பீடி சுற்றினேன். தேவமணி அக்கா அதை மேசையிலிருந்த கட்டுகளோடு வைத்துப் பார்த்து, "அத்தனையும் இவ கைதான் சார்" என்றார். சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மாமாவைப் போகச் சொன்னார்.

அதன் பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டி, "கையெழுத்துப் போட்டுட்டுப் போ, நாங்க எழுதிக்கிடுதோம்" என்றார். "எழுதுங்க சார், படிச்சுட்டுப் போடுதேன்" என்றேன். தேவமணி அக்காதான் எழுதினார்.

அதே சப்-இன்ஸ்பெக்டர்தான் இரண்டு நாள் வெயிலில் அலைந்து உண்மையான களவாளியைப் பிடித்தார். அதையும் எழுதிக்கொள்ளக் கேட்கிறேன். போலீஸ் இல்லாமல் எங்கள் தெருவுக்கு ஆகாது. அடித்த பிறகு கேட்பதை விட்டு, கேட்க வேண்டியவர்களிடம் முதலில் வந்து கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன். மாமா இன்னும் சைக்கிள் மிதிக்கவில்லை. இப்போது பீடிக் கட்டுகளை நானே கடைக்குக் கொண்டுபோகிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஓரிடத்தில் வலது கை என்றிருந்ததை இடது கை என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இப்போது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, இடது கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பா. மாரிக்கண்ணு