பாதிப் பேச்சுக்கு நான் வர்ல சார்

ஹலோ... ஆமா சார், பூர்ணிமாதான். சொல்லுங்க... இல்லல்ல, ஞாயித்துக்கெழம, வீட்லதான் இருக்கேன்... ஆமா, ஆமா, நாளைக்கி பத்து மணிக்கு உங்க ஷூ கம்பெனில பேசறேன். மறக்கல சார்.

(ஏய் ஹேமா, உங்க கம்பெனி சூரியபிரகாஷ் சார்தான். சத்தம் காட்டாம எனக்குத் தல வாரி விடு.)

ஒண்ணுமில்ல சார், வீட்ல பேசினேன்... மேடையா? வீல்சேர்ல இருக்கறவ மேடைக்கு எப்படி சார் ஏறுவேன்... ஓ, சரிவு போட்டாச்சா? பரவால்லியே. போட்டோ அனுப்பிருக்கீங்களா? இருங்க, பாக்கறேன்...

சார். இது லாரில தோல் பண்டல் ஏத்துற பலகையாச்சே... இல்ல, பலமாத்தான் இருக்கு. பண்டலுக்குப் பயம் கெடையாது, எனக்கு இருக்கே. ஆலங்காயம் மல ரோடு கூட இவ்ளோ செங்குத்தா இல்ல... நாலு பேர் தூக்குவாங்களா? வேணாம் சார். நாலு பேர் தூக்கறதுக்கு எனக்கு இன்னும் காலம் இருக்கு... நான் கீழயே இருக்கேன். நீங்களும் எம்டி சாரும் கீழ வந்துடுங்க. மேடைல பூந்தொட்டி வெச்சிக்கலாம்... சிரிக்கறீங்களா, சந்தோசம்.

பிரியாணியா? பேச்சு முடிஞ்சப்புறம் தேக்சாவ தொறங்க சார். முன்னாடியே தொறந்தா என் பேச்ச யாரு கேப்பாங்க...

ம்... ம்... சாதிச்சதெல்லாம் சொல்லணுமா? நான் இன்னா சார் சாதிச்சேன், டென்த்ல ரெண்டு வாட்டி பெயிலு. பாத்ரூம்ல வண்டி நொழயாதுன்னு வேலைக்கிப் போற எடத்துல தண்ணியே குடிக்காம இருப்பேன். அத சொல்றேன்... ஆமா, ஷூ வாங்கற வெளிநாட்டு பையருங்க ஆடிட்டுக்கு வர்றாங்கன்னுதான் என்ன கூப்ட்டீங்க, தெரியும். தப்பில்ல சார். எதுக்கோ, கூப்ட்டீங்களே.

எது?... எந்த விஷயம் சார்?... "அந்த விஷயம்"னா? சொல்லுங்க, வாய் சுடாது... ஆமா, பொண்ணு பொண்ணோட வாழறது. குடியாத்தம் காலேஜ்ல பேசினேன். வீடியோ பாத்துட்டீங்களா... அத மட்டும் விட்டுடணுமா?

பேஜார் பண்ணாதீங்க சார். வீல்சேர்ல இருக்கறவளும் நான்தான், ஒரு பொண்ணோட குடித்தனம் பண்றவளும் நான்தான். ஒருத்திய உள்ள விட்டு ஒருத்திய கேட்லயே நிறுத்துவீங்களா?... இல்ல சார், அசிங்கமா ஒண்ணும் இருக்காது. யாரு சமைக்கறது, யாரு கோவிச்சிக்கறதுன்னுதான் பேசுவேன். உங்க வீடு மாதிரிதான். சண்ட மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

(கிள்ளாதடி.)

பெரியவங்க இருக்காங்க, சரி... முஸ்லிம் வீட்டுப் பொம்பளைங்க... அவங்க மேல பழியப் போடாதீங்க சார். குடியாத்தத்துல பேசி முடிச்சதும் மொதல்ல வந்து கையப் புடிச்சது அஃப்ஸர் ஜஹான்னு ஒரு அம்மாதான். "வீட்ட விட்டுப் போன எம்பொண்ணுக்கு இன்னிக்கே போன் பண்றேன்"னாங்க... இல்ல சார், பாதிப் பேச்சுக்கு நான் வர்ல. வேற ஆள பாத்துக்கோங்க.

இன்னா சொன்னீங்க?... உங்க கம்பெனில அப்படி யாருமே இல்லியா? உங்களுக்கு எப்படி சார் தெரியும்?... கேட்டா யாரு சார் சொல்லுவாங்க? புருசன் மஸ்கட்ல ட்ரைவர்னு பொய் சொல்லிட்டு, வாணியம்பாடி கடையில பேரீச்சம்பழம் வாங்கியாந்து, அவர் அனுப்பினார்னு செக்‌ஷன் பூரா குடுத்து சமாளிக்கறவங்க இருக்காங்க சார், உங்க தையல் செக்‌ஷன்லயே...

சார்?... உங்களுக்கும் குடுத்தாங்களா?... இல்ல. இல்ல சார், நான் பொதுவா சொன்னேன்... அந்தப் பேர நான் சொல்லல சார். நீங்களா எதுவும்...

(ஹேமா... கோவத்துல வாய்ல வந்துடுச்சிம்மா. என்ன அடி, திட்டு. இப்படி பாக்காத.)

சார், லைன்ல இருக்கீங்களா?... நான் சொல்றத கேளுங்க. நாளைக்கிப் பேச்சே வேணாம். பாதியும் வேணாம், முழுசும் வேணாம், நான் வர்ல. அவ வேலைல மட்டும் கை வெக்காதீங்க சார். தெரிஞ்சா பக்கத்து மெஷின்ல யாரும் உக்கார மாட்டாங்களோன்னு இத்தன வருசமா பயந்து பயந்து தைக்கறா சார். நான் ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டேன்... இல்ல, அழல...

(இன்னா? எதுக்கு கைய நீட்டற?... போனா? வேணாம் ஹேமா. வேல போச்சின்னா... நெஜமாவா? நல்லா யோசிச்சிக்கோ... சரி. சரிடி.)

சார்... ஆமா, பக்கத்துலதான் இருக்கா. இவ்ளோ நேரம் எனக்குத் தல வாரி விட்டதும் அவதான். உங்ககிட்ட பேசணுமாம். எனக்கு மைக்க குடுத்தா எங்க வேணா பேசிடுவேன். அவ இதப் பத்தி இதுவரைக்கும் யார்கிட்டயும் பேசினதில்ல. வார்த்த வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும், வெச்சிடாம கேளுங்க சார்... குடுக்கறேன்.