கோரைப்பள்ளத்தில் உறங்கும் மழை

மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவர் சின்னதம்பி அவர்களே, மறைந்த முனைவர் பூங்கோதை அம்மாவின் கணவர் கோபால் ஐயா அவர்களே, நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஜீப்பில் நின்றபடியே வந்து சேர்ந்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. பூங்கோதை அம்மாவின் ஆய்வில் தண்ணீர் மட்டம் அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் நான். அதனால் சுற்றி வளைக்கப் போவதில்லை.

ஆறு எங்கே தொடங்குகிறது? வரைபடத்தைக் கேட்டால் ஒரு நீலக் கோட்டைக் காட்டும். பூங்கோதை அம்மாவைக் கேட்டால் நம் கோரைப்பள்ளச் சதுப்புக்குக் கூட்டிப்போவார். பனி விலகாத நேரம். கோரைப்புல்லின் நுனிகள் மட்டும் வெள்ளையில் மிதக்கும். வெறுங்காலை வைத்தால் தரை மெல்ல ஏறி இறங்கும், படுத்திருக்கும் எருமையின் வயிறு போல. போன ஐப்பசியில் பெய்த மழை இன்னும் இதற்குள் உறங்குகிறது என்பார். மட்கிய கோரையும் வேரும் அதை விடாமல் பிடித்துவைத்து, கசியக் கசிய, சித்திரை வெயிலில்தான் ஓடைக்கு அனுப்புகின்றன என்பார். கீழே ஆலங்காயத்தில் கோடையிலும் கிணறு ஊறுகிறதே, எப்படி? இங்கே உறங்கி எழுந்த மழை அது.

அந்த உறக்கத்தைக் கேட்பதற்கென்றே ஈரத்தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வார். புல் அறுக்க வந்த சாந்தம்மாள் அக்கா ஒருநாள் அவரைச் சும்மா விடவில்லை.

"ஏம்மா டாக்டரம்மா, சேத்துல காத வச்சினு இன்னா கேக்குற? ரேடியோவா?"

"ஆமாக்கா. நீங்க பேசினா ஸ்டேஷன் கெட்டுப்போவுது."

"இன்னா பாட்டு போட்றான்?"

"வந்து படுங்க, தெரியும்."

அக்கா படுத்துவிட்டார். அரிவாள் ஒரு பக்கம், புல்லுக்கட்டு ஒரு பக்கம். நான் கையில் மீட்டரோடு எரிச்சலில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் ஏறியது. தும்பிகள் வந்தன. அம்மாவுக்குத் தண்ணீர் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்டது அக்காவின் குறட்டைதான். அதோ சிரிக்கிறார், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பல நாடுகளில் கட்டுரை வாசித்தவர், விருதுகள் பெற்றவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் எந்த மேடையில் ஏறினாலும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: சதுப்பு என்பது தூர்ந்துபோன ஏரி இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை பொக்லைன் வைத்துக் கோரைப்பள்ளத்தை ஆழப்படுத்தி, கரை கட்டி, 'முனைவர் பூங்கோதை நினைவு ஏரி' என்று பெயர் வைக்கப்போவதாகத் தலைவர் சற்று முன் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினீர்கள். கோபால் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்பினால்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அந்த ஏரியில் சித்திரைக்குத் தண்ணீர் இருக்காது.

கறுப்புச் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டால் மழையைப் பிடித்துவைப்பது எது? அடியில் இருக்கும் களிமண்ணைப் பொக்லைன் கிழித்துவிட்டால் தடுப்பது எது? பக்கத்துப் பள்ளத்தை இப்படித்தான் தோண்டினோம். மார்கழியில் கண்ணாடி மாதிரி ததும்பியது, போட்டோ எடுத்தோம். பங்குனியில் பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். மறந்துவிட்டோமா?

தலைவர் ஏதோ கேட்கிறார். சத்தமாகவே கேளுங்கள், தலைவரே.

"அப்ப அந்தம்மா பேருக்கு நாம இன்னாதாம்பா செய்யறது? ஒன்னுமே செய்யாம வுட்டுட்றதா?"

ஆமாங்க. ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான். அதுதான் கஷ்டம், அதுதான் அவர் கேட்டது. பனி வரட்டும், போகட்டும். கோரை சாயட்டும், நிமிரட்டும். பெயர்ப்பலகை வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். என் பங்குக்கு நான் சொல்கிறேன்: ஆய்வுத் திட்டம் முடிந்தாலும் கருவிகளைக் கழற்ற மாட்டேன். மாதாமாதம் மலையேறி வந்து அளப்பேன். அளந்ததை இந்தக் கூடத்தின் சுவரிலேயே எழுதிவைப்பேன். நான் சொன்னது தப்பென்றால் அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி என்னைக் கேளுங்கள்.

உங்கள் பதில் தெரியாமல் நான் இறங்கப்போவதில்லை, தலைவரே.

தலைவர் போன் போடுகிறார். பொக்லைன் ஓட்டும் காசிக்குத்தான். மைக்கை அவர் பக்கம் திருப்புகிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"காசி, திங்கக்கெழம வண்டிய மேல ஏத்தாத... இல்லப்பா, செவ்வாக்கெழமயும் இல்ல. எந்தக் கெழமயும் இல்ல."