ஐந்து எலிசபெத்துகளும் ஒரு பேனாவும்

…தலையில கிரீடம் வச்சிட்டா ஆளுறவன்னு ஆயிடுமா சார்? நீங்களே சொல்லுங்க. உக்காருங்க, பையை எடுத்துட்டேன். இந்த பஸ்ல டர்ஹாம் வரைக்கும்தானே? நானும் அங்கதான். இன்னைக்கு என் பேனாவைப் பிடுங்கறதுக்குக் கூட்டம் போட்டிருக்காங்க, நான் போறதுக்குள்ளயே முடிச்சிடுவாங்க போல.

நேத்து மத்தியானம் ‘குருட்டு வாத்து’ பப்புல வினாடி வினா. நாங்க நாலு பேர் ஒரு அணி, எல்லாம் யுனிவர்சிட்டி. நான் கேப்டன். கேப்டன்னா… பேனா என் கையில. நான் எழுதுறதுதான் பதில், மத்தவங்க காதுல கிசுகிசுக்கலாம். ரிட்டயரான தபால்காரங்க அணியும் நாங்களும் சமம். ஜெயிச்சா மாவட்டப் போட்டி. சமமாயிட்டா அங்க ஒரு வழக்கம் சார்: வாரா வாரம் ஜெயிக்கிற அணி ஒரு கேள்வியும் பதிலும் எழுதி, பேர் போடாம, கல்லா பக்கத்து ஜாடியில போடணும். அதுல ஒண்ணை எடுப்பாங்க.

எடுத்தாங்க. இங்கிலாந்துல ராணியா முடிசூட்டிக்கிட்ட எலிசபெத்துங்க எத்தனை பேர்?

எங்க அணி தெல்மா என் காதுல, “அஞ்சு, ஹெஸ்டர். அஞ்சுன்னு எழுது”ங்கறா. நான் ரெண்டுன்னு எழுதினேன். ஆண்டவங்க ரெண்டே பேர், அவங்களுக்குத்தான் பேருக்குப் பின்னாடி எண். மத்த மூணு பேரும் ராஜாவைக் கட்டிக்கிட்டவங்க. முடிசூட்டுறப்போ புனித எண்ணெய் தடவுவாங்க, கிரீடம் வைப்பாங்க, ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட முடியுமா? இதே ராணியைக் கட்டிக்கிறவர் ராஜாவா? இந்தக் காலத்துல இல்லை. ராஜான்னு கூப்பிட்டா அவர்தான் ஆளுறார்னு ஊர் நினைச்சிடுமாம். ராணின்னு கூப்பிட்டா அந்தப் பயமே இல்லை பாருங்க.

பப்பு நடத்துற மிஸஸ் ஹெஸ்கெத் அஞ்சுன்னுட்டாங்க. நான் விடுவேனா? வறுத்த மாட்டிறைச்சி ஆறிப்போற வரைக்கும் வாதாடினேன். எழுதினது யாரோ படிக்காத முட்டாளா இருக்கணும், பேரைச் சொல்லுங்கன்னேன். அந்தம்மா ஜாடியில எடுத்த சீட்டை என் தட்டு பக்கத்துல வச்சிட்டுப் போயிட்டாங்க.

இதோ, கொண்டு வந்திருக்கேன். பச்சை மை. கீழே என்ன எழுதியிருக்கு பாருங்க… ‘மனைவிமாரை விட்டுட்டு எண்ணுறவங்க ஆணாதிக்கக் கழுதைங்க.’

…பச்சை மையில எழுதுறது எங்க காலேஜ்ல ஒரே ஒருத்திதான் சார்.

முதல் வருஷத்துல எழுதினது. அப்போ எனக்கு அந்த மூணு பேர் மேல ரொம்பப் பரிதாபம். எழுதினதே மறந்து போச்சு. இருந்தாலும் அன்னைக்கும் எனக்கு நியாயம் இருந்துச்சு, நேத்தும் இருந்துச்சு. தபால்காரங்கதான் மாவட்டத்துக்குப் போறாங்க.

இருங்க, போன்ல சேதி… தெல்மா. முடிவு பண்ணிட்டாங்களாம். நான் கேப்டனாவே இருக்கலாமாம். மேஜையில நடுநாற்காலி எனக்கே. கேப்டன்னு நூல்ல பேர் பின்னின தொப்பிகூட வாங்கித் தர்றாங்களாம். பேனா மட்டும்… இனிமே தெல்மாகிட்ட.

தொப்பி உண்டு, பேனா இல்லை. அப்போ நான் யாரு சார்? எண்ணிக்கையில சேத்தியா, இல்லையா? நீங்க சொல்லுங்க, நான் மறுத்துப் பேச மாட்டேன்…

என்ன சார், எழுந்துட்டீங்க? டர்ஹாமுக்கு இன்னும் மூணு ஸ்டாப் இருக்கே.