மதுராவின் வேலை போன செய்தி

மருதனார்மடம் சந்தியில் மினிபஸ் ஆட்களுக்காகக் காத்து நின்றது. உள்ளே எனக்குப் பின் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் நீலச் சேலை கட்டியவள் சொன்னாள்:

"மதுராவின்ரை வேலை போயிட்டுதெண்டு கேட்டவுடனை எனக்குச் சிரிப்பு வந்திட்டுதடி."

"உன்னோடை படிச்ச மதுராவோ? வீட்டிலை இருந்து லண்டன் கொம்பனிக்குக் கணக்குப் பாத்தவள்?"

"ஓம். ரெண்டு பேரும் ஒரே சோதினைதான் பாஸ் பண்ணினனாங்கள். அவள் வீட்டிலை ஏசி போட்டுக்கொண்டு வெள்ளைக்காரரோடை கதைப்பாள். நான் இரும்புக்கடையிலை, சீமெந்துத் தூசிக்குள்ளை பில் எழுதுவன். அவளைக் கண்டாலே வயிறெரியும்."

"பிறகேன் நிப்பாட்டினவங்கள்?"

"உந்த வேலையைப் பிலிப்பைன்ஸிலை ஆரோ குறைஞ்ச சம்பளத்துக்குச் செய்யினமாம். அழுதுகொண்டு போன் எடுத்தாள். ஆறுதல் சொன்னன்தான். ஆனால் உள்ளுக்குள்ளை குளிர்ந்துபோச்சு."

"பாவமடி அவள்."

"என்ன பாவம்? போன கிழமை எங்கடை கடைக்கே வேலை கேட்டு வந்தாள். லண்டன் கொம்பனியிலை இருந்தவள் எண்டவுடனை முதலாளி அவளை எனக்கு மேலை மனேஜராப் போட்டிட்டார்."

மினிபஸ் புறப்பட்டது. மற்றவள் மெதுவாகக் கேட்டாள்: "நீ என்ன சொன்னனீ?"

"என்னத்தைச் சொல்ல? என்ரை மேசையைத் துடைச்சுப்போட்டு எழும்பிக் குடுத்தன்."