தண்டனையைக் குறைக்க மட்டும்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வக்கீல் கல்யாணராமையரிடம் பத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தா நான். மனுக்களை நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

கொல்லம் ஆண்டு 1108 ஆடியில், கரமனை ஆற்றுப் படித்துறையில் எங்கள் எதிர்வீட்டுப் பிச்சுமணி செத்துக் கிடந்தார். ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருந்தவர். கடையில் மூட்டை தூக்கிய திரவியத்தைப் போலீஸ் பிடித்தது. முந்தின நாள் இருவருக்கும் வாய்ச்சண்டை. பிரேதத்தின் பக்கத்தில் அவன் சொட்டச் சொட்ட நனைந்து நின்றிருந்தான். தூக்கு என்று தீர்ப்பாயிற்று.

அப்பீல் எங்களிடம் வந்தது. குற்றமே செய்யவில்லை என்று அப்பீல் போடலாம். செய்தேன், தண்டனையை மட்டும் குறையுங்கள் என்றும் போடலாம். முன்னதைப் போட்டால் வழக்கைக் கிளறுவார்கள், அன்று காலை யார் யார் ஆற்றில் குளித்தார்கள் என்று கேட்பார்கள். நான் பின்னதை எழுதினேன்.

"நாகேஸ்வரா, செஞ்சதை ஒத்துண்டுட்டானா?" என்றார் வக்கீல்.

"ஆமாம் ஸார், உசிர் தப்பினாப் போறும்னு அழறான்."

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மனுவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைரேகை வாங்க வேண்டும். பூஜப்புரை ஜெயிலில், மலையாளத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்தேன்.

"மொதலாளியத் தூக்கி விடத்தான் ஆத்துல சாடினேன். அது இருக்கா ஐயா?"

இருக்கிறது என்றேன். தாளில் இல்லாத அந்த வரியையும் வாசித்தேன். ரேகை தெளிவாக விழுந்தது.

தூக்கு ஆயுளாகக் குறைந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மனம் வருந்துகிறான், அதனால் இரக்கம் என்று தீர்ப்பில் இருந்தது. நான் வருந்தினால் எப்படி எழுதுவேனோ அப்படி எழுதியிருந்தேன்.

என் தங்கை விஜயத்தைப் புருஷன் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த ஆடி விடிகாலை, படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி பிச்சுமணி அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தார். தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினேன். அடங்கும்வரை பிடித்திருந்தேன். மேல்படியில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் திரவியம் என்னைக் கவனிக்காமல் ஓடி வந்து குதித்தான். நான் ஆபீஸுக்குப் போனேன். அன்று நிறைய வேலை.

போன மாதம் அவன் பெண்டாட்டி தாசம்மாள் ஏத்தவாழைக் குலையோடு வந்தாள். "எங்க வீட்டாளுக்கு உசிரு தந்தது ஐயாதான்" என்று என் காலில் விழப் போனாள். நான் விடவில்லை. குலையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

எனக்கும் மனசாட்சி உண்டு.