ஆம்ப் உறுமலுக்குச் சுருதி சேர்த்தவன்

பேஸ் கிட்டார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமும் கிடையாது. பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்று நீங்கள் சொன்னதுமே எர்வினைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். கேளுங்கள், என் சொந்தத் தம்பிதானே.

எங்கள் அப்பா செக் நாட்டு வம்சத்தாரின் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசித்துக் குடும்பம் நடத்தியவர். டெக்சாஸில் எங்கள் பக்கத்து நடனக்கூடங்களில் போல்கா நடனப் பாட்டைத் தவிர எதுவும் எடுபடாது. அங்கேதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் எர்வின் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியைக் கடைசிவரை திருகிவிட்டு, கிட்டாரை அதன் முகத்துக்கு நேரே பிடித்து அலறவிட்டான்.

"என்னடா இது, மாடு கன்னு போடுதா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. பொறந்ததும் பேரு வச்சிடுங்க" என்றான். கூடமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆம்ப்பில் மின்சாரம் ஓடினாலே அடியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லா வாத்தியக்காரர்களும் அதைத் திட்டுவார்கள். எர்வின் தன் கிட்டாரை அந்த உறுமலுக்கே சுருதி சேர்த்தான். பியானோவில் தேடினால் அது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். "ரெக்கார்டு கம்பெனிக்காரன் இந்தச் சத்தத்த எடுத்துடு எடுத்துடுங்கறான். நாம இதையே பாட்டாக்கிட்டா அப்புறம் எதை எடுப்பான்?" என்றான். என் பேஸையும் அதற்கே சேர்க்கச் சொன்னான், சேர்த்தேன். எங்கள் இசை அப்படித்தான் பிறந்தது. ஊர் ஊராக அதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அறுபத்தொன்பதில் அவன் சட்டைப் பையில் ஒரே ஒரு கஞ்சா பீடி அகப்பட்டது. அன்றைய சட்டத்தில் பத்து வருஷம்கூடப் போடலாம். புத்தி சரியில்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரியோடு போகும் என்றார் வக்கீல்.

"நான் ஜெயிலுக்கே போறேன் லியோன். அங்க உடம்பத்தான் பூட்டுவானுங்க. பைத்தியம்னு மட்டும் சொல்லிடாத" என்று அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை.

அவனைச் சோதித்த ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தன்மையான மனிதர். "உங்க தம்பிக்கு எப்பவும் ஒரு சுருதி கேட்டுக்கிட்டே இருக்காம். அதுக்குத்தான் கிட்டார சேக்குறாராம். இந்த ரூம்லகூட கேக்குதுங்கறார். கூடவே வாசிக்கிறவரு நீங்க, உங்களுக்குக் கேட்டிருக்கா?"

தலைக்கு மேலே குழல்விளக்கு உறுமிக்கொண்டிருந்தது. அதே சுருதிதான், ஒரு ஸ்தாயி மேலே.

"இல்லீங்க டாக்டர், எனக்கு எதுவும் கேட்டதில்ல" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். தலைக்கு மின்சாரம் வைக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். வீட்டில் மூத்தவன் நான், கையெழுத்துப் போட்டேன். பிறகு மாதாமாதம் காகிதம் வந்தது. இரண்டாம் வருஷம் வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதற்கப்புறமும் காகிதம் வந்தது, போட்டேன். அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு தேவை என்று எனக்குத் தோன்றியது. அவன் இல்லாத வீட்டில் நான் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது என்னோடுதான் இருக்கிறான். கொடுத்ததைச் சாப்பிடுகிறான், கிட்டாரைத் தொடுவதில்லை. போன மாதம் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினேன். கைதாவதற்கு முந்தின வாரம் அவனே கட்டியது. எங்கள் இருவரைத் தவிர யாரும் கேட்டதில்லை.

கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டான். "ரொம்ப நல்லா இருக்கு லியோன். யாரு கட்டின பாட்டு?"

"நான்தான்டா" என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும், நீ பெரிய ஆளா வருவேன்னு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதில் எங்கள் இருவருக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை.